யூட்டா பயணக் குறிப்புகள்: ஜேன் ஷிப்ஸ் படித்த ஊர்கள்

2025 மே 11, ஞாயிறு. சால்ட் லேக் சிட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள இந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குபவர்கள் முதலில் சாப்பாட்டுக்கு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். நகர நடுவிலுள்ள பெரிய மால் மார்மன் சபைக்குச் சொந்தமானது. அதில் பெரும்பாலான கடைகள் ஞாயிறு திறப்பதில்லை. சுற்றியுள்ள தெருக்களிலும் முக்கால்வாசி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. திறந்திருந்த ஒரு மெக்சிகன் கடையில் பீன்ஸ் புரீட்டோ 11 டாலர், டிப்ஸ் தனி.

அடுத்த சிக்கல் முகவரி. தெருக்களுக்குப் பெயர் குறைவு, எண்தான் அதிகம். மார்மன் ஆலயம் நிற்கும் டெம்பிள் ஸ்கொயரின் தென்கிழக்கு மூலையிலிருந்து நான்கு திசைக்கும் எண்ணிக்கொண்டே போகிறார்கள். '300 வெஸ்ட்' என்பதை '300 ஈஸ்ட்' என்று படித்தால் ஆறு பிளாக் தள்ளிப் போய்விடும். ஒரு பிளாக்கின் பக்கம் 660 அடி, தெருவின் அகலம் 132 அடி. ஆகவே ஆறு பிளாக் என்பது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். இன்று காலை பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த தூரம் முழுவதும் நடக்க வேண்டியதாயிற்று. ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றில் ஈரமே இல்லை. உதடு வெடிப்பதற்கு முன்பே தண்ணீர் குடித்துவிட வேண்டும்.

இந்தப் பயணத்தின் காரணம் அமெரிக்க வரலாற்றாளர் ஜேன் ஷிப்ஸ். 1929-இல் அலபாமாவில் பிறந்தவர், கடைசிவரை மெதடிஸ்ட் கிறிஸ்தவர். மார்மன் வரலாற்றை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தும் அந்தச் சபையில் சேராதவர். 2025 ஏப்ரலில் தமது 95-ஆம் வயதில் மறைந்தார். வெளியாள் ஒருவர் இன்னொருவரின் மதத்தைப் படிப்பது எப்படி நடக்கிறது, எங்கே கதவு திறக்கும், எங்கே மூடும் என்று பார்ப்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முழுப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அவர்களுடைய ஞாயிறு ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். 2019 முதல் மொத்தம் இரண்டு மணி நேரம். முதல் மணியில் அப்பத் துண்டும் சின்னஞ்சிறு கோப்பைகளில் தண்ணீரும் தட்டில் வரும். திராட்சை ரசம் கிடையாது. வெளியாள் தட்டை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காணிக்கைத் தட்டு சுற்றி வருவதில்லை. இன்று அன்னையர் தினம் என்பதால் குழந்தைகள் மேடையேறிப் பாடினார்கள், இளைஞர்கள் அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்பதால் இரண்டாம் மணியில் ஆண்களும் பெண்களும் தனித்தனி அறைக்குப் பிரிந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் கேட்ட கேள்விகளின் வரிசை இந்த ஊரில் அப்படியே திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர்கள், நீங்கள் சபை உறுப்பினரா? 'இல்லை, வரலாறு படிக்க வந்திருக்கிறேன்' என்றதும் முகத்தில் மகிழ்ச்சி. இந்த ஆண்டு அவர்களுடைய ஞாயிறு பாடமே சபை வரலாறும் 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற அவர்களுடைய வேத நூலும்தான். வரலாறு இவர்களுக்கு வெறும் பழங்கதையாக இல்லை, வேதத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஷிப்ஸின் ஆய்வு முழுவதும் இந்த ஒரு கவனிப்பின் மேல்தான் நிற்கிறது.

மே 12, திங்கள். சால்ட் லேக் சிட்டி

சபையின் வரலாற்று நூலகம் 2009-இல் திறந்த கட்டடம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மூலப்பிரதி அறையில் பேனா கூடாது. பென்சில், தாள், மடிக்கணினி போதும். பெட்டிகள் வைத்திருக்கும் அறைகள் சுமார் 13 டிகிரி செல்சியஸில், 35 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கின்றன. வண்ணப் படச்சுருள்களுக்கு உறைநிலைக்கும் கீழே தனி அறைகள். குளிரில் இருந்து வந்த பொருளைச் சூடான அறையில் உடனே திறந்தால் அதன் மேல் ஈரம் படியும். அதனால் 'இன்றே வேண்டும்' என்று போய் நிற்பதில் பயனில்லை. பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடி, எண்ணைக் குறித்து, முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது நிறைய ஆவணங்கள் ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டிருப்பதும் தெரியவரும். ஜோசப் ஸ்மித்தின் தாள்களை 27 தொகுதிகளாக அச்சிட்டு 2023-இல் முடித்துவிட்டார்கள்.

மேசையில் உதவுபவர்களில் பலர் ஓய்வுபெற்ற தம்பதிகள். சம்பளமில்லாமல் ஊழியம் செய்கிறார்கள், மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை. சென்னை என்றதும் ஒரு மூதாட்டி திரையில் தேடி, ரிச்சர்ட் பாலண்டைன் என்ற பெயரைக் காட்டினார். சால்ட் லேக்கில் 1849-இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய அதே பாலண்டைன் 1853-இல் மதராஸுக்கு ஊழியராக வந்து, துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டு, பெரிதாக ஆள் சேராமல் அடுத்த ஆண்டு திரும்பியவர். அவருடைய நாட்குறிப்பு இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டு வரலாற்று மாணவர் யாராவது இதை எடுத்துப் படிக்க வேண்டும்.

இவ்வளவு கதவுகள் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1972-இல் லெனார்ட் ஆரிங்டன் சபையின் வரலாற்றாளராக அமர்த்தப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தொழில்முறை வரலாற்றாளர் அவர். அடுத்த சில ஆண்டுகளில் உறுப்பினர்களுக்கும் வெளியாட்களுக்கும் ஆவணங்கள் தாராளமாகக் கிடைத்தன. தலைவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1982-க்குள் அவருடைய குழு சபையே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது, ஆவணக் காப்பகத்திலும் பிடி இறுகியது. ஷிப்ஸின் முக்கியமான எழுத்துகள் இந்தத் திறப்பிலும் மூடலிலும் நடந்தவை.

1974-இல் அவர் எழுதிய 'தி ப்ராஃபெட் பஸில்' கட்டுரையை இங்கே உட்கார்ந்து மறுபடி படிப்பது நல்லது. 1826-இல் நியூயார்க் மாநிலத்தில் இளம் ஜோசப் ஸ்மித், கல்லுக்குள் பார்த்துப் புதையல் சொல்பவர் என்ற குற்றச்சாட்டில் நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். அந்த விசாரணையே நடக்கவில்லை என்று விசுவாசிகள் சொல்லிவந்தார்கள். 1971-இல் நீதிபதியின் கட்டணச் சீட்டு கிடைத்ததும் அந்த வாதம் விழுந்தது. எதிர்ப்பாளர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, 'ஆள் மோசடிக்காரர்' என்று கணக்கை முடித்தார்கள். ஷிப்ஸ் இரண்டையும் ஏற்கவில்லை. புதையல் தேடியவரும் தீர்க்கதரிசியும் ஒரே ஆள். ஒன்றை மறைத்தால் மற்றது புரியாது. தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக அவர் சொன்ன மார்மன் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு அவரை விளக்கவும் முடியாது என்றார். தங்கத் தகடுகள் உண்மையில் இருந்தனவா என்ற கேள்வியை அடைப்புக்குள் வைத்துவிட்டு, அவை இருந்ததாக நம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தார். இதை வெறும் மரியாதை என்று சிலர் குறை சொன்னார்கள். நான் அதை வேலைமுறை என்றே பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு முதலில் தீர்ப்பு எழுதிவிட்டால் மீதி ஆவணங்களைத் திறக்கவே தோன்றாது.

மதியம் டெம்பிள் ஸ்கொயர். நாற்பது ஆண்டுகள் கட்டி 1893-இல் முடித்த ஆலயம், 2019 இறுதியிலிருந்து மூடிக் கிடக்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்க அடித்தளத்துக்குக் கீழே 98 அதிர்வுத் தாங்கிகளைப் பொருத்தும் வேலை. 2020 மார்ச்சில் 5.7 அளவு நடுக்கம் வந்து, உச்சியில் நிற்கும் மொரோனி என்ற தேவதூதர் சிலையின் கையிலிருந்த எக்காளம் விழுந்தது. புல்தரையில் எந்தப் பக்கம் நடந்தாலும் இரண்டு இளம் ஊழியப் பெண்கள் வந்து பேசுவார்கள். பெயர்ப் பட்டைக்குப் பக்கத்தில் சொந்த நாட்டுக் கொடி. தொலைபேசி எண் கேட்டால், 'வேண்டாம், நன்றி' என்று சிரித்துச் சொன்னால் போதும், வற்புறுத்துவதில்லை.

மே 13, செவ்வாய். சால்ட் லேக்கிலிருந்து லோகன்

காலையில் மெயின் தெருவும் 300 சவுத்தும் சேரும் முனையிலுள்ள ஜட்ஜ் பில்டிங். 1985 அக்டோபர் 15 காலை இங்கே பைப் வெடிகுண்டு வெடித்து ஒருவர் இறந்தார். அன்றே புறநகர் வீடொன்றில் இன்னொரு குண்டு, இன்னொரு உயிர். வைத்தவர் மார்க் ஹாஃப்மன், மார்மன் வரலாற்று ஆவணங்களை விற்றுவந்த ஆள். அவர் விற்றவற்றில் பெரும்பாலானவை அவரே எழுதியவை. தங்கத் தகட்டைக் காத்தது வெள்ளை சாலமாண்டர் (பல்லி போன்ற நீர்நில உயிரி) என்று சொல்லும் 1830-ஆம் ஆண்டுக் கடிதம் மட்டும் 40,000 டாலருக்குப் போனது. உள்ளாட்களும் வெளியாட்களும் சேர்ந்தே ஏமாந்தார்கள்.

அவர் பிடிபட்டது மையால். பழைய முறையில் மாசிக்காயும் இரும்பு உப்பும் கருவேலம் பிசினும் சேர்த்து மை காய்ச்சி, உண்மையிலேயே பழைய புத்தகங்களிலிருந்து கிழித்த வெற்றுத் தாளில் எழுதி, ரசாயனம் தடவி ஒரே நாளில் கிழப்படுத்தினார். தாள் அசல், மையின் பொருட்களும் அசல். ஆனால் வலிந்து முதிரவைத்ததில் பிசின் இறுகி, மைக்கோட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்வெடிப்புகள் விழுந்தன. நுண்ணோக்கியில் பார்த்த தடயவியல் ஆட்கள், அதே காலத்து அசல் கடிதங்களில் இந்த வெடிப்பு இல்லை என்று காட்டினார்கள். புறஊதா ஒளியில் சில தாள்களில் மை ஒரே பக்கமாக வழிந்த தடமும் தெரிந்தது. காயப்போடத் தொங்கவிட்டதன் அடையாளம்.

இதில் ஷிப்ஸுக்கு ஒரு பங்கு வந்து சேர்ந்தது. குண்டு வைப்பதற்கு முன் ஹாஃப்மன் விற்க முயன்றது 'மெக்லெலின் சேகரம்'. வில்லியம் மெக்லெலின் 1835-இல் அமர்த்தப்பட்ட முதல் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர், பிறகு சபையைவிட்டு விலக்கப்பட்டவர். ஹாஃப்மனிடம் அப்படி எதுவும் இல்லை. விசாரணை நடந்துகொண்டிருந்தபோது தெரிந்தது: மெக்லெலினின் அசல் நாட்குறிப்புகளைச் சபை 1908-இலேயே வாங்கி, பெட்டகத்தில் வைத்து மறந்திருந்தது. 1994-இல் அவை அச்சில் வந்தபோது பதிப்பாசிரியர்கள் இருவர்: பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ச், மெதடிஸ்டான ஜேன் ஷிப்ஸ். திறந்து பார்த்தால் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்த ஒரு மனிதரின் குறிப்புகள்தான். ஹாஃப்மன் பயங்காட்டிய மாதிரி எந்த வெடிகுண்டும் அதற்குள் இல்லை. ஒரு வெளியாளின் பெயர் அட்டையில் இருந்ததால்தான் 'எதையும் வெட்டவில்லை' என்பதை ஊர் நம்பியது என்பது என் கணிப்பு.

லோகனுக்கு 130 கிலோமீட்டர். பதிவு செய்திருந்த வேன் ஒன்றரை மணி நேரம் தாமதம். குறுஞ்செய்தியும் இல்லை, அலுவலகத்தில் போனை எடுப்பாரும் இல்லை. 45 டாலர் கொடுத்தவர்கள் ஏழு பேர் வெயிலில் நின்றோம். ஒரு மாணவன் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான். பிரிகாம் சிட்டி தாண்டியதும் சாலை சார்டின் கேன்யனில் ஏறுகிறது, 1,800 மீட்டர் வரை. கீழே வெயில், மேலே ஆலங்கட்டியும் பனியும் கலந்த மழை. இறங்கியதும் பச்சைப் பள்ளத்தாக்கு, மலையுச்சியில் இன்னும் வெள்ளை.

மே 14, புதன். லோகன்

ஷிப்ஸ் 1960-இல் இந்த ஊருக்கு வந்தார். கணவர் டோனிக்கு யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நூலகர் வேலை. இவர் முதலில் படித்தது இசை. பட்டத்தை முடிக்கத்தான் இங்கே வரலாற்றில் சேர்ந்தார். ஒரு கல்வியாண்டுகூட முழுதாக இல்லை, அதற்குள் குடும்பம் கொலராடோவுக்கு மாறியது. பி.ஏ. 1961, கொலராடோவில் எம்.ஏ. 1962, முனைவர் பட்டம் 1965. ஆய்வுத் தலைப்பு மார்மன்களின் முதல் நூறாண்டு அரசியல். அதன் பிறகு இந்தியானா மாநிலம். அங்கே பாலியல் பற்றி ஆராயும் கின்சி நிறுவனத்தில் சில காலம் வேலை. இந்தியானாபொலிஸில் வரலாற்றுத் துறையில் இடம் கிடைத்தது 1973-இல், அப்போது வயது நாற்பத்து நான்கை நெருங்கியிருந்தது. அதாவது யூட்டாவைப் படித்த காலமெல்லாம் அவர் யூட்டாவில் குடியிருக்கவில்லை. விடுமுறையில் வந்து, மாநாட்டுக்கு வந்து, கடிதம் எழுதிச் சேர்த்த அறிவு அது. 1965-இல் தொடங்கிய மார்மன் வரலாற்றுச் சங்கத்துக்கு 1979-இல் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்ணும், மார்மன் மரபுக்கே வெளியேயிருந்து வந்த முதல் ஆளும் அவர்தான்.

பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் ஆரிங்டனின் தாள்கள் இருக்கின்றன. 1946 முதல் 1972 வரை இந்த ஊரில்தான் அவர் பொருளாதாரம் கற்பித்தார். அவர் இறந்தபின் 2001-இல் தொகுப்பைத் திறந்ததும், இதில் எங்கள் ஆவணங்கள் இருக்கின்றன என்று சபை கேட்டது. பேச்சுவார்த்தை முடிவில் சிறு பகுதி மட்டும் திரும்பிப் போனது. அவருடைய நாட்குறிப்பு, அவர் விருப்பப்படி 2010 வரை மூடி வைக்கப்பட்டிருந்தது.

இந்தத் தொகுப்பில் வேலை செய்ய ஒரு யோசனை. பட்டியலில் தொடர், பெட்டி, கோப்பு என மூன்று எண்கள் உண்டு. மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் மேசைமேல். எடுத்த இடத்தில் அடையாள அட்டை செருகுங்கள். படம் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முதல் படமாகக் கோப்பின் பெயர் எழுதிய மேல்பட்டையை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஊர் திரும்பியபின் எந்தக் கடிதம் எந்தப் பெட்டி என்று தெரியாமல் விழிப்பார்கள், அடிக்குறிப்பே போட முடியாது. 1970-களின் கடிதங்கள் பல கார்பன் நகல்கள். மெல்லிய தாள், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் படிக்கலாம்.

வெளியே மழை விட்டிருந்தது. வளாகத்துப் பால்பண்ணைத் துறை விற்கும் ஐஸ்கிரீம் ஒரு கரண்டி நான்கு டாலருக்குள், அளவு இருவருக்குப் போதும். ஊர் பஸ்ஸில் யாருக்கும் டிக்கெட்டே கிடையாது.

மே 15, வியாழன். லோகன்

காபி தேடினால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். தெருமுனை தோறும் இருப்பது சோடாக் கடை. கோலாவில் தேங்காய் சிரப், பால் க்ரீம், எலுமிச்சை பிழிந்து அரை லிட்டருக்கு மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள், மூன்றரை டாலர். பல் கூசும் இனிப்பு. காபியும் தேநீரும் மதுவும் புகையிலையும் கூடாது என்ற போதனை 1833-இல் வந்தது. ஆனால் நெடுங்காலம் அது அறிவுரை அளவில்தான் இருந்தது. ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஆனது 1921-இல்.

ஏன் அப்போது? இதற்கு ஷிப்ஸ் 1985-இல் வெளியிட்ட 'மார்மனிசம்: தி ஸ்டோரி ஆஃப் எ நியூ ரிலிஜியஸ் ட்ரெடிஷன்' நூலில் விடை இருக்கிறது. 1890 வரை மார்மன் என்பவர் யார் என்பதை ஊரே சொன்னது. தனி நாடு போன்ற பள்ளத்தாக்கு, பலதார மணம், பொதுப் பொருளாதாரம். அமெரிக்க அரசின் நெருக்கடியில் பலதார மணத்தை நிறுத்துவதாக அந்த ஆண்டு சபைத் தலைவர் அறிவித்தார். ஊர் போட்டிருந்த வேலி விழுந்தபின் எல்லைக்கோடு ஒவ்வொரு ஆளின் உடலுக்கு, சாப்பாட்டுக்கு, உடைக்கு நகர்ந்தது. லோகன் தெருவில் சோடாக் கடை வரிசையைப் பார்த்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் பளிச்சென்று விளங்கும்.

அந்த நூலின் பெரிய வாதம் வேறு. யூத மதத்திலிருந்து தொடங்கிய கிறிஸ்தவம் எப்படித் தனி மதமாயிற்றோ, அப்படிக் கிறிஸ்தவத்திலிருந்து தொடங்கிய மார்மனிசமும் தனி மதமாயிற்று என்றார். 'இவர்கள் கிறிஸ்தவர்களே அல்ல' என்று சுவிசேஷ சபைகள் திட்டிக்கொண்டிருந்தன, 'நாங்களே மெய்யான கிறிஸ்தவர்கள்' என்று மார்மன்கள் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் பிடிக்காத வாதம், ஆனாலும் இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாற்றை எழுதுபவர்கள் சுற்றிலும் எழுதிவிட்டு மார்மன் நாட்டை மட்டும் டோனட்டின் ஓட்டைபோல் விட்டுவிடுகிறார்கள் என்றும் அவர் கடிந்திருக்கிறார்.

குன்றின் மேல் 1884-இல் திறந்த லோகன் ஆலயம். வெளியாள் உள்ளே போக முடியாது, தோட்டத்தில் நடக்கலாம். ஷிப்ஸும் நாற்பதாண்டு ஆய்வுக்குப் பிறகும் இந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்தான். உள்ளே நடக்கும் சடங்கின் இடத்தை, அதைச் செய்பவர்களின் வாழ்க்கையில் அது என்ன மாற்றுகிறது என்பதை வைத்து எழுதினார்.

இரவு விடுதி நடத்தும் அம்மா சாப்பிட அழைத்தார். இங்கே துக்க வீட்டுக்குச் செய்துகொண்டு போகும் உருளைக்கிழங்கு: துருவிய கிழங்கு ஒரு கிலோ, புளித்த க்ரீம் இரண்டு கப், செடார் சீஸ் இரண்டு கப், ஒரு டப்பா கெட்டி சூப், மேலே வெண்ணெயில் புரட்டிய கார்ன்ஃப்ளேக்ஸ். 175 டிகிரியில் முக்கால் மணி நேரம். சைவர்கள் கவனிக்க: அந்த டப்பா வழக்கமாகக் கோழி சூப். கேட்டதும் அவர் தனியாகக் காளான் சூப்பில் ஒரு சிறு தட்டு செய்திருந்தார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு, உப்பு தூக்கல். ஜெபம் செய்துவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறார்கள்.

மே 17, சனி. சால்ட் லேக் சிட்டி

திரும்பும் வேன் சரியான நேரத்துக்கு வந்தது.

தெற்குப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் பாதி நாள். மார்மன் வரலாற்றுக்கு மட்டும் தனி அலமாரிகள். ஷிப்ஸின் 1985 நூல், இல்லினாய் பல்கலைக்கழக அச்சகப் பதிப்பு, மேலுறையோடு 20 டாலர். 2000-இல் வந்த கட்டுரைத் தொகுப்பு 'சோஜர்னர் இன் தி ப்ராமிஸ்ட் லேண்ட்' 18 டாலர். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்கலாம். அமெரிக்கப் பத்திரிகைகள் 1860 முதல் 1960 வரை மார்மன்களை எப்படிப் பார்த்தன என்று கட்டுரை கட்டுரையாக எடுத்து மதிப்பெண் போட்ட ஆய்வு அதில் இருக்கிறது. 1880-களில் வெறுப்பு உச்சம், பிறகு மதிப்பெண் மெல்ல ஏறி, கடைசியில் புகழ்ச்சி. அபிப்பிராயம் சொல்லாமல் எண்ணிக் காட்டியிருக்கிறார்.

கடைக்காரர் நூலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டார். உறுப்பினரல்ல என்றதும், இந்த அலமாரியில் வாங்குபவர்களில் இப்போது அப்படிப்பட்டவர்களும் நிறைய என்றார். யூட்டா ஸ்டேட், கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட், வர்ஜீனியா ஆகிய பல்கலைக்கழகங்களில் மார்மன் ஆய்வுக்கென்றே பேராசிரியர் இருக்கைகள் வந்துவிட்டன. 1961-இல் லோகனில் பட்டம் வாங்கியபோது ஷிப்ஸுக்கு இப்படி ஒரு துறையே இல்லை. சபை உறுப்பினர்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடியா என்று கேட்டேன். எல்லோருக்கும் ஒரே விலைதான் என்றார், வரி தனி.